காஷாபா ஜாதவின் வெண்கலம்: லண்டனுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே நடந்தது

சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் பெற்ற முதல் தனிநபர் பதக்கம் மல்யுத்தத்தில் வந்தது. 1952 ஜூலை 23 அன்று, ஹெல்சிங்கியின் மெஸ்ஸுஹல்லி அரங்கில், 57 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவில் காஷாபா தாதாசாகேப் ஜாதவ் வெண்கலம் வென்றார். மறுநாள் இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 6-1 என்ற கணக்கில் தோற்கடித்துத் தங்கம் வென்றது. பல்பீர் சிங் ஒருவரே 5 கோல் அடித்த அந்த வெற்றிதான் நாட்டின் நினைவில் தங்கியது. அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு 1996-இல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் டென்னிஸில் வெண்கலம் பெறும்வரை 44 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மல்யுத்தத்தில் காத்திருப்பு இன்னும் நீண்டது: 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார் வெண்கலம் வாங்கியபோது 56 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஜாதவின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பணமில்லாமல் அவர் பட்ட பாட்டையும், பதக்கத்துக்குப் பிறகு அவருக்கு நேர்ந்த புறக்கணிப்பையும் சொல்லி முடிக்கிறார்கள். இரண்டும் நடந்தவைதான், சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தச் சோகக் கதைக்குள் ஒரு மல்லராக அவர் செய்த வேலை மறைந்துபோகிறது. 1948-இல் லண்டனில் ஆறாம் இடம் பெற்றவர், நான்கே ஆண்டுகளில், முன்பைவிட 5 கிலோ கூடுதலான எடைப் பிரிவில், முன்பைவிடக் கடினமான போட்டியாளர்களிடையே மூன்றாம் இடத்துக்கு வந்தார். அது எப்படிச் சாத்தியமானது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், அவருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேறு யாராலும் ஏன் முடியவில்லை என்பதற்கும் விடை கிடைக்கும்.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், கராட் அருகே உள்ள கோளேஷ்வர் கிராமத்தில் 1926 ஜனவரி 15 அன்று ஜாதவ் பிறந்தார். தந்தை தாதாசாகேப் ஊரறிந்த பயில்வான். ஐந்து மகன்களில் காஷாபா கடைக்குட்டி. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வயதில், இவருக்குத் தந்தையே கோதாவில் பிடிகளைச் சொல்லிக்கொடுத்தார். கராட்டின் திலக் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் வந்தது. சாத்தாரா மாவட்டம் அதில் தீவிரமாக ஈடுபட்ட பகுதி. தலைமறைவாக இருந்த போராளிகளுக்கு இடம் கொடுப்பது, அவர்களுடைய கடிதங்களைக் கொண்டுசேர்ப்பது போன்ற வேலைகளில் மாணவரான ஜாதவும் பங்கேற்றார்.

பள்ளிக்குப் பின் அவர் சேர்ந்தது கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி. இந்த ஊர்த் தேர்வு அவரது வாழ்க்கையில் மிக முக்கியமானது. கோலாப்பூர் சமஸ்தானத்தை ஆண்ட சாகு மகாராஜா மல்யுத்தத்தை அரசின் செலவில் வளர்த்தவர். பல ஊர்களிலிருந்து மல்லர்களை அழைத்து உணவும் இடமும் கொடுத்து ஆதரித்தவர். 1912-இல் அவர் காலத்தில் கட்டப்பட்ட காஸ்பாக் மைதானத்தில், நடுவில் கோதா தாழ்ந்திருக்க, சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகளில் பல்லாயிரம் பேர் அமர்ந்து பார்க்கலாம். தெருவுக்குத் தெரு ‘தாலீம்’ என்று அழைக்கப்படும் பயிற்சிக்கூடங்கள் இருந்தன. வேறெந்த ஊரிலும் ஒரு கல்லூரி மாணவனுக்கு இப்படிப்பட்ட மல்யுத்தச் சூழல் அன்றைக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அங்கே கோவிந்த் புரந்தரே என்ற ஆசிரியரிடம் ஜாதவ் பயின்றார். குள்ளமான, மெலிந்த உடல். பார்த்தவுடன் பயில்வான் என்று சொல்ல முடியாது. அவருடைய பலம் வேகத்திலும், எதிராளி ஒரு பிடியைத் தடுத்தவுடன் அடுத்த பிடிக்கு மாறும் திறனிலும் இருந்தது. எதிராளியின் தலையை வளைத்துப் பிடித்துத் தூக்கி எறியும் ‘டாக்’ என்ற பிடி அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

சமஸ்தானத்தின் ஆதரவு 1948-இல் நேரடியாகவே உதவியது. லண்டன் ஒலிம்பிக்குக்குச் செல்லும் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றுக்கொண்டார். ஜாதவ் 52 கிலோ பிரிவில் இறங்கினார். ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸையும், அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் வென்றார். ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று ஆறாம் இடத்தில் முடித்தார். அதுவரை ‘மேட்’ எனப்படும் மெத்தை விரிப்பில் முறையாகப் பயிற்சி பெறாத ஒருவருக்கு இது பெரிய விஷயம். லண்டனில் அவருக்குப் பயிற்சி தந்தவர் அமெரிக்கரான ரீஸ் கார்ட்னர். உலக விதிகளின்படி ஒரு பந்தயத்தை எப்படி நடத்திச் செல்வது என்பதை ஜாதவுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

இங்கே சற்று நின்று, மண்ணில் போடும் குஸ்திக்கும் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கில் இரண்டு மல்யுத்த வகைகள் உண்டு. கிரேக்க-ரோமன் வகையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. கால்களைப் பயன்படுத்தியும் தாக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் அந்தத் தடை இல்லை. நம் குஸ்தியும் காலைப் பிடிக்கும், காலால் இடறும். அதனால்தான் இந்தியா மல்யுத்தத்தில் வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் அனைத்தும் ஃப்ரீஸ்டைலில் வந்திருக்கின்றன. ஆனால் ஒற்றுமை பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்திய மண்ணில் கால் புதையும். அதனால் அசைவுகள் நிதானமாக நடக்கும், பிடித்த பிடியில் நெடுநேரம் நின்று எதிராளியைச் சோர்வடையச் செய்யலாம். லங்கோட்டைப் பற்றி இழுக்கலாம். எதிராளியின் முதுகை மண்ணில் கிடத்தி மல்லாத்துவது ஒன்றுதான் வெற்றி. புள்ளிக் கணக்கு கிடையாது. பழைய பந்தயங்களில் நேர வரம்பும் பெரும்பாலும் கிடையாது.

மேட்டில் எல்லாம் மாறிவிடுகிறது. காலணி அணிந்த கால் உறுதியாக நிற்கும், அதனால் பாய்ச்சல் வேகமாக இருக்கும்; மண்ணில் ஒருவர் தயாராவதற்குக் கிடைக்கும் அரை நொடி இங்கே கிடைக்காது. உடையைப் பிடிப்பது குற்றம். விளிம்பைத் தாண்டினால் ஆட்டம் நிறுத்தப்பட்டு நடுவுக்குத் திரும்பும். அன்றைய பந்தயம் 15 நிமிடம் நீடிக்கக்கூடியது. அதற்குள் யாரும் மல்லாத்தப்படாவிட்டால் மூன்று நடுவர்கள் வெற்றியாளரை முடிவு செய்வார்கள். அதாவது, எதிராளியை அடக்கி வைத்திருப்பது மட்டும் போதாது. தாக்குகிறவர் நான்தான் என்று நடுவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி செய்தாக வேண்டும். கோதாவில் வளர்ந்தவருக்கு இது முற்றிலும் புதிய பழக்கம்.

இன்னொரு விதி மிக முக்கியம். அந்தக் காலத்து ஒலிம்பிக் மல்யுத்தம் நேரடி நாக் அவுட் முறையில் நடக்கவில்லை. எதிர்மறைப் புள்ளிகளின் அடிப்படையில் நடந்தது. எதிராளியை மல்லாத்தி வென்றால் புள்ளி எதுவும் ஏறாது. நடுவர் தீர்ப்பில் வென்றால், வெற்றி பெற்றவருக்கே ஒரு எதிர்மறைப் புள்ளி ஏறும். தோற்றவருக்கு அதைவிட அதிகம். ஐந்து சேர்ந்துவிட்டால் போட்டியிலிருந்து வெளியேற வேண்டும். கடைசியில் மூவர் மட்டும் எஞ்சும்போது, அவர்களுக்குள் நடக்கும் பந்தயங்கள் பதக்கங்களின் நிறத்தை முடிவு செய்யும். மல்லாத்துவதையே வெற்றியாகக் கருதி வளர்ந்த மண் பயில்வானுக்கு இந்த முறை ஒருவகையில் சாதகமானது. பாதுகாப்பாக ஆடிப் புள்ளியில் வெல்பவருக்கு அது தண்டனை வைத்திருந்தது. ஜாதவ் தம் பழைய பலத்தை விடாமல், அதைப் புதிய விதிகளுக்குள் பொருத்திக்கொண்டதுதான் லண்டனுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையில் நடந்த மாற்றம். நான்கு ஆண்டுகளில் எடையை ஏற்றினார், பயிற்சி நேரத்தைக் கூட்டினார், 57 கிலோ பிரிவில் தம்மைவிடப் பருமனானவர்களோடு மோதிப் பழகினார்.

ஹெல்சிங்கிக்கான தேர்வு எளிதாக முடியவில்லை. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் அதிகாரிகள் வேண்டுமென்றே தமக்குப் புள்ளியைக் குறைத்தார்கள் என்பது ஜாதவ் தரப்புக் குற்றச்சாட்டு. அவர் அதோடு நிற்காமல், இந்திய ஒலிம்பிக் அமைப்பில் செல்வாக்குடன் இருந்த பாட்டியாலா மகாராஜாவிடம் நியாயம் கேட்டார். மறுபடி ஒரு பந்தயம் ஏற்பாடானது, அதில் எதிராளியை மல்லாத்தி இடத்தைப் பிடித்தார். மகாராஜாக்கள் தனிப்பட்ட முறையில் தலையிட்டால்தான் ஒரு விளையாட்டு வீரனுக்கு நியாயம் கிடைக்கும் என்ற நிலை, குடியரசாகி இரண்டு ஆண்டுகள் ஆகியும் மாறாமல் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

பணத்தின் கதையும் அப்படிப்பட்டதுதான். 1948-இல் செலவை ஏற்ற சமஸ்தானம் 1949-இல் பம்பாய் மாநிலத்தோடு இணைந்துவிட்டது. பழைய புரவலர் போய்விட்டார். அவருடைய இடத்தில் வந்த அரசுக்கு அந்தப் பொறுப்பு தன்னுடையது என்ற எண்ணம் இன்னும் வந்திருக்கவில்லை. மாநில அரசிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் தேவைக்கேற்ற உதவி கிடைக்கவில்லை. ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்த கர்டிகர் தம் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் திரட்டிக் கொடுத்தார். மீதிக்கு ஜாதவும் அவர் குடும்பத்தாரும் ஊர் ஊராகச் சென்று கையேந்தினார்கள். கடைக்காரர்களும் கிராமத்தாரும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். ஒரு ஆசிரியர் தம் மாணவனின் பிடியை நம்பித் தம் கூரையையே பணயம் வைத்தார் என்பது, இந்திய விளையாட்டு வரலாற்றில் பதக்கங்களுக்கு நிகராக எழுதிவைக்கப்பட வேண்டிய செய்தி.

ஹெல்சிங்கியில் கனடாவின் ஏட்ரியன் போலிக்வின், மெக்சிகோவின் லியோனார்டோ பசுர்தோ ஆகிய இருவரையும் ஜாதவ் தோற்கடித்தார். ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் ஷ்மிட்ஸுடன் நடந்த பந்தயம் நெருக்கமானது. நடுவர்களின் 2-1 தீர்ப்பு ஜாதவுக்குச் சாதகமாக வந்தது. இப்படியாகக் கடைசி மூவரில் ஒருவரானார். மற்ற இருவர் சாதாரணமானவர்கள் அல்லர். ஜப்பானின் ஷோஹாச்சி இஷி ஜூடோவில் தொடங்கி மல்யுத்தத்துக்கு வந்தவர். போருக்குப் பின் 1948-இல் அழைக்கப்படாத ஜப்பான் மறுபடி கலந்துகொண்ட அந்த ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அவருடையது. சோவியத் யூனியனின் ரஷீத் மம்மத்பெயோவ் அஜர்பைஜானைச் சேர்ந்தவர்; சோவியத் யூனியன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதே அதுதான் முதல் முறை. இரு நாடுகளும் மல்யுத்தத்தில் அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு உலகை ஆளப்போகிறவை. அந்த ஆதிக்கத்தின் தொடக்கத்திலேயே ஜாதவ் அவர்கள் முன்னால் நின்றார்.

இஷியுடன் நடந்த நீண்ட பந்தயத்தில் ஜாதவ் தோற்றார். அது முடிந்த கையோடு மம்மத்பெயோவுடன் மோதும்படி அழைக்கப்பட்டார் என்றும், இரண்டு பந்தயங்களுக்கு இடையில் அரை மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்ற விதியை எடுத்துச் சொல்ல இந்தியத் தரப்பில் ஒரு அதிகாரிகூட அரங்கில் இல்லை என்றும் ஜாதவை அறிந்தவர்கள் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார்கள். களைத்த உடலோடு மேட்டில் ஏறியவர் அந்தப் பந்தயத்தையும் இழந்தார். ஓய்வு கிடைத்திருந்தால் தங்கமோ வெள்ளியோ கிடைத்திருக்கும் என்று சொல்லும் அளவுக்குப் போக நான் விரும்பவில்லை. எதிரில் இருந்தவர்கள் அவ்வளவு பெரிய மல்லர்கள். ஆனால் விதியைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்பது வீரனுக்குச் செய்யும் சலுகை அல்ல, போட்டியின் அடிப்படைத் தேவை. மல்லர் அதைத் தாமே கேட்டுப் பெற முடியாது. அவருக்கு அந்த அரங்கின் மொழியும் தெரியாது.

அதே போட்டியில் 62 கிலோ பிரிவில் இறங்கிய கேசவ் மாங்கவே நான்காம் இடம் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரும் கோலாப்பூர் வட்டாரத்தில் உருவானவர்தான். இரண்டு எடைப் பிரிவுகளில் மூன்றாம் இடமும் நான்காம் இடமும் வந்ததைப் பார்த்தால், ஜாதவின் வெற்றியை ஒரு தனிமனித அதிசயமாக மட்டும் கருத முடியாது. அவருக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ரந்தீர் ஷிண்டே ஃப்ரீஸ்டைல் ஃபெதர்வெயிட் பிரிவில் நான்காம் இடம் வரை போயிருக்கிறார். மேற்கு மகாராஷ்டிரத்தின் கோதாக்களில் உலகத் தரத்துக்கு வரக்கூடிய ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள்.

ஊர் திரும்பிய ஜாதவை வரவேற்க கராட் ரயில் நிலையத்துக்கு 151 மாட்டுவண்டிகள் வந்தன. வழக்கமாகச் சில நிமிடங்களில் கடக்கும் தூரத்தை ஊர்வலம் மேளதாளத்தோடு மணிக்கணக்கில் கடந்தது. அதன்பின் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, குஸ்திப் பந்தயங்களில் ஈட்டிய பணத்தைக் கொண்டு கர்டிகரின் வீட்டுக் கடனை அடைத்தது. 1955-இல் பம்பாய் காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். காவல்துறையினருக்கு இடையிலான போட்டிகளில் வென்றார், பயிற்சியாளராகவும் இருந்தார். மூன்றாவது ஒலிம்பிக்குக்குச் செல்ல விடாமல் முழங்கால் காயம் 1956-இல் அவரைத் தடுத்தது. 27 ஆண்டுகள் பணியாற்றி உதவி ஆணையராக ஓய்வு பெற்றவர், ஓய்வூதியத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் சுடர் ஓட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்தார். வயது 58. உயிரோடு இருந்தவரை பத்ம விருதோ அர்ஜுனா விருதோ அவருக்குக் கிடைக்கவில்லை. அர்ஜுனா விருது இறந்து 16 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வந்தது. 2010 காமன்வெல்த் போட்டியின்போது டெல்லியின் மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

விருது தாமதமானதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மண்ணிலிருந்து மேட்டுக்கு மாறும் வழியை ஒருவர் தம் உடலாலேயே கண்டுபிடித்துக் காட்டியிருந்தார். அந்த அறிவைப் பிடித்துவைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஓர் ஏற்பாடு இல்லை. இந்திய மல்யுத்தம் இடையில் முற்றிலும் உறங்கிவிடவில்லை: 1961-இல் உதய் சந்த் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார், 1967-இல் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பிஷம்பர் சிங் வெள்ளி வென்றார். ஆனால் ஒரு கிராமத்துப் பயில்வானுக்குப் பணமும் புகழும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், அவை மண் பந்தயங்களிலிருந்தே வந்தன. மகாராஷ்டிர கேசரி, ஹிந்த் கேசரி போன்ற பெரும் பட்டங்கள் கனத்த உடல் கொண்டவர்களுக்கே வாய்ப்பானவை. 57 கிலோ எடையுள்ள திறமையான இளைஞன் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டால் எடையை ஏற்றத்தான் பார்ப்பான். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வாய்ப்பிருந்ததோ அந்தக் குறைந்த எடைகளில்தான். மேட் விலை உயர்ந்த பொருள். அதை விரிக்கக் கூரையுள்ள கூடம் வேண்டும். மழைக்காலச் செலவுக்கே தடுமாறும் தாலீம்களால் அது முடியாது. அரசு செய்திருக்க வேண்டிய இடம் அது.

அந்த வேலை பிறகு வேறொரு பகுதியில் நடந்தது. 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சத்பால் சிங், டெல்லியின் சத்ரசால் அரங்கில் சிறுவர்களைச் சேர்த்து மேட்டிலேயே வளர்க்கத் தொடங்கினார். சுஷில் குமாரும் யோகேஷ்வர் தத்தும் அங்கிருந்து வந்தவர்கள். மேட்டைப் பதின்வயதிலேயே பழகியவர்கள் அவர்கள். ஜாதவ் 22 வயதில் லண்டனில் சந்தித்த அதிர்ச்சியை அவர்கள் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. 2008-க்குப் பின் நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்தியா மல்யுத்தத்தில் குறைந்தது ஒரு பதக்கமாவது வாங்கியிருக்கிறது. டோக்கியோவில் ரவி தாஹியா வென்ற வெள்ளியும், 2024 பாரிஸில் அமன் செராவத் வென்ற வெண்கலமும் ஜாதவ் ஆடிய அதே 57 கிலோ பிரிவில் வந்தவை; அவ்விருவரும் சத்ரசாலில் வளர்ந்தவர்கள்.

பாரிஸில் அரையிறுதி முடிந்த இரவில் அமனின் எடை 61.5 கிலோவாக ஏறியிருந்தது, விடிவதற்குள் 4.6 கிலோவைக் குறைத்து அவரை எடைமேடையில் ஏற்ற பயிற்சியாளர்கள் இரவு முழுவதும் உடனிருந்தார்கள். மேட்டின் மூலையில் அமரும் பயிற்சியாளர், நடுவரின் முடிவு தவறென்று கருதினால் உடனே முறையிட்டு வீடியோவைப் பார்க்கச் சொல்வதற்கு இன்றைய விதியில் இடமும் உண்டு. 1952-இல் வீடியோ இல்லை, இந்த முறையீட்டு விதியும் இல்லை. ஆனால் ஓய்வு நேரத்தைக் கேட்டு வாங்க ஒரு மனிதர் போதுமாக இருந்தார், அவரை அனுப்புவதற்கு ஆன செலவு கர்டிகர் அடகு வைத்த தொகையைவிட அதிகமாக இருந்திருக்காது.